எதிர்க்கட்சிக்காரன் கொடுத்த நற்சாட்சி

இன்று காலை முதல் தீர்த்தம் எனக்கு விழுந்தது.

ஆமாம், எனக்குத்தான். நம் தெருக்கோடிச் சின்னக் கோயிலில், தீர்த்த வட்டிலோடு சந்நிதியை விட்டு வெளியே வந்த அர்ச்சகர், எந்த வரிசையில் தொடங்கலாம் என்று ஒரு கணம் தயங்கி நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, நீட்டியிருந்த என் உள்ளங்கையில் ஊற்றினார். பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் துளசியும் கலந்த அந்த வாசனை. பருகிவிட்டு, பழக்க தோஷத்தில் எதிர் வரிசையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன், 'பார்த்தாயாடா, இன்றைக்கு எங்கள் பக்கம் முதல்!' என்று உன்னைச் சீண்டுவதற்கு. நீ நிற்கும் இடத்தில் வெறும் தூண் இருந்தது. போன ஐப்பசியில் ஜுரம் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை என்பது அந்த ஒரு கணம் எனக்கு மறந்துவிட்டது.

அகத்துக்கு வந்து, கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பியாயிற்று. வண்டியும் வாசலுக்கு வந்துவிட்டது. வண்டிக்காரனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. அது போவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

நாளைக்கு உன் பிள்ளையோ என் பிள்ளையோ இந்தக் கடுதாசியை எடுத்துப் படித்தால் விளங்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப் போகிறேன். குறுக்கே பேசாமல் கேள். எதிர்க்கட்சி வக்கீலை முடிக்க விடாமல் எழுந்து நிற்கும் வழக்கம் என்னுடையது, உன்னுடையது அல்ல. அதனால் எனக்குக் கவலையில்லை.

சின்னக் காஞ்சிபுரத்தில் நம் தெருவின் தெற்கு வரிசை எங்களுடையது, வடக்கு வரிசை உங்களுடையது. நாங்கள் தென்கலை, நீங்கள் வடகலை. ஒரே பெருமாள், ஒரே பிரபந்தம், ஒரே புளியோதரை. ஆனால் நெற்றி நாமத்துக்குக் கீழே பாதம் உண்டா இல்லையா என்பதில் ஆரம்பித்து, எதற்கெடுத்தாலும் சண்டை. எழுதும் தாளில்கூட அந்தச் சண்டை உண்டு. மளிகைக் கடைக்கு அனுப்பும் துண்டுச் சீட்டானாலும் சரி, தலையில் அவரவர் ஆசாரியரை வணங்கி ஒரு வரி எழுதிவிட்டுத்தான் நாம் மேலே எழுதுவோம். உங்கள் வரி வேறு, எங்கள் வரி வேறு. ஒரு தாளை எடுத்தால் கீழே கையெழுத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தலையைப் பார்த்தாலே எந்த வரிசைக்காரன் எழுதியது என்று தெரிந்துவிடும்.

நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து அடித்துக்கொண்டோம். பட்டணத்தில் திருவல்லிக்கேணியில் ஒரே அறையில் தங்கி பி.எல். படித்தோம், அங்கேயும் அடித்துக்கொண்டோம். ஊருக்குத் திரும்பி முனிசீப் கோர்ட்டில் பெயரைப் பதிவு செய்துகொண்ட பிறகு, அடித்துக்கொள்வதற்குப் பீஸும் கிடைத்தது. உங்கள் மனிதர்கள் உன்னிடம் வந்தார்கள், எங்கள் மனிதர்கள் என்னிடம் வந்தார்கள். தறி போட்டிருக்கும் நெசவாளர்கள் மட்டும் எந்த வக்கீல் வாசலில் கூட்டம் குறைவோ அந்த வாசலில் ஏறினார்கள். பெரும்பாலும் என் வாசலில்தான் கூட்டம் குறைவு. சிரிக்காதே.

இப்போது வழக்குக்கு வருகிறேன். தெருக்கோடிக் கோயிலில் முதல் தீர்த்தம் தென்கலையாருக்கு என்று என் அப்பா வாதி. இல்லை, வடகலையாருக்கு என்று உன் பெரியப்பா பிரதிவாதி. வாதிக்கு வக்கீல் நான், பிரதிவாதிக்கு வக்கீல் நீ. வழக்கு நடக்கும்போது யாருக்கு முதலில் கொடுத்தாலும் கோர்ட்டு அவமதிப்பாகிவிடுமோ என்று பயந்து, அர்ச்சகர் ஒருவருக்குமே கொடுக்கவில்லை. ஒரு மார்கழி முழுவதும் வட்டில் சந்நிதிக்குள்ளேயே இருந்தது. விடியற்காலையில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள்.

கடைசியில் முனிசீப் ஒரு தீர்ப்புச் சொன்னார். பதவியோடு ஒட்டிய உரிமை என்றால் கோர்ட்டு விசாரிக்கும், வெறும் மரியாதைக்காக வழக்குப் போட முடியாது, ஆகவே வழக்குத் தள்ளுபடி. வழக்குத் தள்ளுபடி ஆனதால் நீங்கள் ஜெயித்தோம் என்றீர்கள். உங்களுக்கு உரிமை உண்டென்று கோர்ட்டு சொல்லவில்லையே, ஆகவே நாங்கள் ஜெயித்தோம் என்றோம். இரண்டு வரிசையிலும் சர்க்கரைப் பொங்கல். அன்று சாயங்காலம் உன் அகத்தில் காபி சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்பைப் பிய்த்துப் பிய்த்து நாம் வாதாடிக்கொண்டிருந்தபோது, உன் மனைவி கோமளம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் ஜெயிச்சேள். ரொம்ப சந்தோஷம். இந்த மார்கழி பூரா தீர்த்தம் யாருக்குக் கெடைச்சுது? அதை மட்டும் சொல்லுங்கோ."

நான் ஏதோ சட்டப் பிரிவு சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன் காபி ஆறி ஆடை கட்டிப் போனது.

மறுநாள் கோர்ட்டுக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தினாய். "மரியாதைன்னா என்னடா? சொத்தா? பதவியா? உபசாரமா? அது என்னன்னே தெரியாம ஒரு வருஷம் நாம வாதாடியிருக்கோம். முனிசீப்புக்கும் தெரியலை. இதை யாராவது உட்கார்ந்து முழுசா ஆராயணும்" என்றாய். "யாராவதுன்னா யாரு?" என்றேன். "நான்தான். எம்.எல்.லுக்கு விண்ணப்பம் போடப் போறேன்" என்றாய்.

நான் நடுத்தெருவில் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த நாளில் நம் ஊரில் பி.எல். இருந்தாலே தலைப்பாகை கனக்கும். அதற்கும் மேலே, சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்து, புத்தகம்போல ஒன்றை எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்குவதா? நம் தெருவில் அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. "பி.எல். படிச்சதுக்கே உனக்கு இன்னும் கட்சிக்காரன் வந்தபாடில்லே" என்று சொன்னேன். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். நீ சிரித்துவிட்டு நடந்தாய். ஆனால் நடையில் ஒரு தீர்மானம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

விண்ணப்பம் எழுதிப் போட்டாய். 'கோயில் மரியாதைகளும் சிவில் கோர்ட்டின் அதிகாரமும்' என்பது விஷயம். பட்டணத்திலிருந்து பேராசிரியரின் பதில் வந்தது. விஷயம் நல்ல விஷயம், ஆனால் உம்முடைய பெயரும் ஊருமே நீர் ஒரு கட்சியைச் சேர்ந்தவர் என்று சொல்கின்றன, இந்தப் பொருளை நடுநிலையோடு எழுத உம்மால் முடியுமா என்பது சந்தேகம், ஆராய்ச்சியின் சுருக்கத்தையும் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒரு வக்கீலின் நற்சாட்சிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு நேரில் வரவும், என்று எழுதியிருந்தார். அந்தக் கடுதாசியோடு நீ எங்கள் அகத்து வாசலில் வந்து நின்றாய். மற்ற நாட்களில் நேரே கூடத்துக்கு வந்து ஊஞ்சலில் உட்காருகிறவன், அன்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "யாருடா அது? வடக்கு வரிசையா? என்ன வேணுமாம்?"

"நற்சாட்சி எழுதித் தரணுமாம்பா."

"பேஷ்! நம்ம தீர்த்தத்தைத் தடுத்தது போறாதுன்னு நற்சாட்சி வேறயா? தேங்காய் பழம் தட்டுல வெச்சுக் குடேன்!"

நீ படியிறங்கிவிட்டாய். "வேண்டாம்டா. உங்கப்பா சொல்றது நியாயம்தான். வேற யாரையாவது பார்க்கிறேன்" என்றாய். வேறு யாரைப் பார்ப்பாய்? எங்கள் வரிசையில் வக்கீல் நான் ஒருவன்தான். மற்றத் தெருக்களில் இருந்தவர்களிடம் கேட்டால் சிரித்தே அனுப்பிவிடுவார்கள். நான் எழுதாவிட்டால் உன் ஆராய்ச்சி அந்த வாசற்படியோடு முடிந்தது. நான் எழுதினால், இருக்கிற நாலு கட்சிக்காரர்களும் 'இவன் விலை போய்விட்டான்' என்று வேறு வக்கீலைத் தேடிக்கொள்வார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. உன் மேல் அல்ல, அந்தப் பேராசிரியர் மேல். உன் நேர்மைக்குச் சாட்சி கேட்க அவர் யார்?

அப்பா கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் போய் எதிரில் நின்றேன். ரொம்ப நேரம் என்னைப் பார்க்காமலே ஊஞ்சலை உந்திக்கொண்டிருந்தார்.

"எழுதப் போறியா?"

"ஆமாம்பா."

"வழக்குல நான் கூண்டுல நின்னப்போ, அந்தப் பிள்ளையாண்டான் என்னைக் குறுக்கு விசாரணை பண்ணினானே, ஞாபகம் இருக்கா? எனக்குத் தேதி ஒண்ணு தப்பிப் போச்சு. பிடிச்சுண்டு உலுக்கியிருக்கலாம். 'மாமா நிதானமா யோசிச்சுச் சொல்லுங்கோ'ன்னான்." ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். "சிநேகிதன்னு எழுதாதே. சிநேகிதன் எழுதினா எவன் மதிப்பான்? எதிர்க்கட்சின்னே போட்டு எழுது. ஆனா பாதி மனசா எழுதப்படாது. பாதி மனசா எழுதினா அது பொய்ச் சாட்சி."

அவர் அப்படிச் சொன்னதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. சொன்னால் நீ அழுதுவிடுவாய், பிறகு நானும் அழ வேண்டியிருக்கும், தெருவில் எல்லோரும் பார்ப்பார்கள். அப்பா போன பிறகு ஒருநாள் சொன்னேன். நீ அழத்தான் செய்தாய்.

எழுதினேன். 'இவர் என் எதிர்க்கட்சி. என் தகப்பனார் தொடுத்த வழக்கில் எனக்கு எதிராக நின்றவர். எங்கள் சாட்சிகள் சொன்னதை ஒரு தடவைகூட இவர் திரித்துச் சொன்னதில்லை. நாங்கள் சொல்லத் தெரியாமல் சொன்னதைக்கூட, என்ன சொல்ல வந்தோம் என்று புரிந்துகொண்டு அதற்கே பதில் சொன்னார்' என்று இங்கிலீஷில் எழுதி, நல்ல தாளில் பிரதி எடுத்து, கையெழுத்துப் போட்டு உறையில் வைத்தேன். அதோடு விட்டேனா? நீ பட்டணத்துக்குத் தனியாகப் போனால் வழியில் மனம் மாறித் திரும்பி வந்துவிடுவாய் என்று நானும் கூடவே ரயில் ஏறினேன்.

வண்டி வாலாஜாபாத்தில் நின்றது. நான் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். நீ மடியில் ஆராய்ச்சிச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு கடைசி முறையாகச் சரி பார்த்தாய். எட்டிப் பார்த்தேன். மோர் மூக்கில் ஏறிவிட்டது. அழகான இங்கிலீஷ் கையெழுத்து, அதற்கு மேலே, தாளின் தலையில், கொட்டை எழுத்தில் உங்கள் ஆசாரியரை வணங்கும் வரி!

"அட மகானுபாவா! நடுநிலையா எழுதுவேன்னு சொல்லிண்டு, மொதல் வரியிலயே உங்காத்து நாமத்தைப் போட்டிருக்கியேடா!" என்று பெஞ்சியைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. கை தன்னிச்சையாக எழுதிவிட்டது என்றாய். நான் இன்னும் சிரித்தேன். நீ மெதுவாக என் உறையை எடுத்துப் பிரித்தாய். உள்ளேயிருந்த தாளை என் கண்ணுக்கு நேரே பிடித்தாய்.

அதன் தலையில் எங்கள் வரி இருந்தது.

வண்டி கிளம்பி ஆட ஆரம்பித்துவிட்டது. மசியும் இல்லை, மாற்றுத் தாளும் இல்லை. இறங்கியதும் நேரே அவர் அறைக்குப் போயாக வேண்டும். "மேல் ஓரத்தைக் கிழிச்சுடலாமா?" என்று நான்தான் கேட்டேன். கேட்ட வாயை உடனே பொத்திக்கொண்டேன். ஆசாரியர் பெயரைக் கிழித்துப் போடுவதா? உன் கை உங்கள் வரி மேல் படவில்லை, என் கை எங்கள் வரி மேல் படவில்லை. "உன்னோடதை நான் கிழிக்கிறேன், என்னோடதை நீ கிழி" என்று ஒரு யோசனை சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். செங்கற்பட்டு வரைக்கும் பி.எல். படித்த இரண்டு பேர், இரண்டு வரியை வைத்துக்கொண்டு திருடர்கள்போல உட்கார்ந்திருந்தோம்.

பேராசிரியர் திருநெல்வேலிச் சைவர். நம் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லாதவர். இங்கிலீஷில்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் ஊர்த் தமிழ் வரும் என்று வெளியே இருந்த சேவகன் எச்சரித்திருந்தான். நான் தாழ்வாரத்தில் நின்றேன். உள்ளே நீ போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் என்னையும் கூப்பிட்டார்கள். இரண்டு தாளையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்த்தார்.

"இரண்டு தாளுக்கும் இரண்டு தலை இருக்கிறதே, இவை என்ன?" என்று கேட்டார்.

நீ விளக்கத் தொடங்கினாய். "எங்கள் சம்பிரதாயத்தில் முதலில்..." என்று நீ வாயெடுத்ததுதான் தாமதம், "அதெப்படி அது முதல்? எங்களுடையது..." என்று நான் குறுக்கே விழுந்தேன். நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, அந்தப் பெரிய மனிதர் அறையில், அவர் மேஜைக்கு முன்னால், தெருவில் அடித்துக்கொள்வதுபோல ஆரம்பித்துவிட்டோம். எந்த வரி முந்தியது, எதை மேலே எழுத வேண்டும் என்று! உன் விண்ணப்பம் அந்த மேஜை மேல் கிடக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"நிறுத்தும்வே ரெண்டு பேரும்!" மேஜையில் ஒரு அடி. மசிக்கூடு குதித்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். என்னால்தான் போச்சு. அவர் உன் தாளை மூடி உன் பக்கம் தள்ளினார். தள்ளியவர், கையை எடுக்காமல் அதன் மேலேயே வைத்துக்கொண்டு உன்னைக் கேட்டார்.

"உம்முடைய கட்சி எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது இவர் கட்சியைச் சொல்லும். முதல் தீர்த்தம் இவர் தகப்பனாருக்கு ஏன் வர வேண்டும்? இவருக்காக வாதாடும்."

நீ கண்ணை மூடிக்கொண்டு பேசினாய். அடே, நான் எத்தனையோ வக்கீல்களைக் கேட்டிருக்கிறேன். ஹைகோர்ட்டில் கௌன் போட்ட பெரிய பெரிய வக்கீல்களைக் கேட்டிருக்கிறேன். அன்று நீ பேசியதுபோல ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. 'அந்தக் கோயிலில் பிரபந்தம் ஓதும் கோஷ்டியைத் தொடங்கி வைத்து, முன்னின்று நடத்தி, தவறாமல் முடித்துக் கொடுக்கும் பொறுப்பு தலைமுறை தலைமுறையாக இவர்கள் குடும்பத்துடையது. மழையானாலும் வெயிலானாலும் இவர்கள் வந்தால்தான் கோஷ்டி. முதல் தீர்த்தம் அந்த வேலை முடிந்ததற்கு அடையாளம். வேலையும் பொறுப்பும் இருக்கும் இடத்தில் அது வெறும் மரியாதை அல்ல, ஒரு பதவியின் அங்கம். பதவியின் அங்கம் என்றால் கோர்ட்டு விசாரித்தே ஆக வேண்டும். முனிசீப் வழக்கைத் தள்ளியது தவறு.' இவ்வளவுதான் சாரம். இதை நீ சொன்ன விதம்! என் அப்பா விடியற்காலையில் குரல் நடுங்கத் தொடங்கும் முதல் பாசுரம் என் காதில் கேட்டது. எங்கள் பக்கத்தில் இவ்வளவு நியாயம் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. இந்த வாதத்தை நான் கோர்ட்டில் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பேன்! எனக்குத் தோன்றவே இல்லை. அப்பீலுக்கு உரிய காலமும் கடந்துவிட்டது. பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "உம்முடைய தரப்பை இவர் சொன்னதில் ஏதாவது குறை உண்டா?"

எழுந்து நின்று ஆட்சேபணை சொல்லியே பழகிய வாய். "இல்லை" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

அவர் உன் பக்கம் திரும்பினார். "இவ்வளவு தெரிந்தவர், அந்த வழக்கில் இதை ஏன் சொல்லவில்லை?"

"வழக்கு முடிந்த பிறகுதான் தோன்றிற்று. முன்பே தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. அங்கே எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார், அவருக்காக மட்டும்தான் நான் பேச முடியும். இரண்டு பக்கத்தையும் ஒருவனே முழுசாகச் சொல்லிப் பார்க்கிற இடம் ஒன்று வேண்டும். கோர்ட்டு அந்த இடம் அல்ல. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்."

அவர் பேனாவை எடுத்து மசியில் தொட்டு, உன் தாளின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். மசி உலரும் வரை காத்திருந்து, இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்துக் குண்டூசி குத்தினார். நாம் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "புத்தகத்திலும் அந்தத் தலைப்பு வரியைப் போட்டுவிடாதேயும்!" அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தோம்.

திரும்பி வரும்போது ரயிலில் உன்னோடு பேச மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எவ்வளவு நேரம் தாங்கும்? "ஏண்டா, எனக்குத் தோணாதது உனக்குத் தோணித்து, பரவாயில்லே. அப்பீல் காலம் போறதுக்கு முன்னாடி தோணியிருக்கப்படாதா?" என்றேன். "தோணியிருந்தா உன் கண்ணைப் பார்த்துப் பேசியிருக்க முடியாதுடா. நல்ல வேளை, தோணலை" என்றாய். உன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அடி பலம்தான், ஆனால் கையை எடுக்க மறந்துவிட்டது. அப்படியே காஞ்சிபுரம் வரை வந்தோம்.

தெருவில் நான் எதிர்பார்த்ததுபோலவே எங்கள் வரிசையில் சிலர் முகம் கொடுக்கவில்லை. ஒருவர் என்னிடம் கொடுத்திருந்த வழக்குக் கட்டையே திருப்பி வாங்கிக்கொண்டார். அப்பா அடுத்த ஏகாதசிக்கு உன்னைக் கூப்பிட்டு ஊஞ்சலில் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். தெரு வாய் அதோடு மூடிற்று. தறி வீட்டுச் சுவர் வழக்குக்காக என்னிடம் வந்துபோய்க்கொண்டிருந்த நெசவாளி ஏகாம்பரம் விஷயத்தைக் கேள்விப்பட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டான்.

"என்னா சாமி இது! கோர்ட்டுல ரெண்டு பேரும் அப்பிடி கத்திக்கினு இருந்தீங்க. எதிர்க்கட்சி வக்கீலுக்கு நீயே எழுதிக் குடுத்து, நீயே ரயிலேத்திக்கினு போனியாமே? அப்போ என் கேஸுல அந்தாண்ட வக்கீலு யாருப்பா?"

"அவர்தான்" என்றேன்.

"அப்பிடின்னா சரி. ரெண்டு பேருமே நல்லா வாதாடுவீங்க" என்று சொல்லிவிட்டு, தைரியமாக என்னிடமே வழக்கை விட்டுவிட்டுப் போனான். அந்த வழக்கிலும் நீதான் ஜெயித்தாய். அதை இப்போது கிளறவில்லை.

கோர்ட்டு இல்லாத நாளெல்லாம் பட்டணத்துக்குப் போய் நூல் நிலையத்தில் உட்கார்ந்தாய். ஒவ்வோர் அத்தியாயத்தையும் முடித்ததும் என்னிடம் கொண்டுவந்து, "குறை சொல்லு" என்பாய். குறை சொல்ல எனக்குச் சொல்லியா தர வேண்டும்? சொன்னேன். இருவரும் கத்துவோம், கோமளம் உள்ளேயிருந்து "கோஷ்டி ஆரம்பிச்சுடுத்து" என்பாள். நீ போய்த் திருத்தி எழுதுவாய். பட்டம் வாங்கிக்கொண்டு நீ ஸ்டேஷனில் வந்து இறங்கிய அன்று, தெற்கு வரிசையிலிருந்து மாலையோடு வந்தது நான் மட்டும் அல்ல. தடி ஊன்றிக்கொண்டு அப்பாவும் வந்திருந்தார். "நம்ம தெருவுக்கு வந்த மரியாதைடா இது. இதுக்கு வரிசை கிடையாது" என்று உன் கழுத்தில் போட்டார். நம் ஊரில் எம்.எல். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட வக்கீல் என் எதிர்க்கட்சி! அன்று நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்தவர்கள் பட்டம் எனக்குத்தான் கிடைத்தது என்று நினைத்திருப்பார்கள்.

உன் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை நீ தமிழில் படித்துக் காட்டிய பிறகுதான், இரண்டு வரிசைப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அர்ச்சகர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் முதல். யாருக்கும் உரிமை இல்லை, யாருக்கும் குறையும் இல்லை. அன்றிலிருந்து ஒரு நாள்கூட வட்டில் சந்நிதிக்குள்ளேயே நிற்கவில்லை. கோமளத்தின் கேள்விக்கு நீ கொடுத்த பதில் அது. இன்று காலை அவளும் பெண்கள் பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டாள்.

எனக்கு நீ விட்டுப்போனது என்ன என்று கேட்பாயானால், இதுதான். இப்போதெல்லாம் ஒரு வழக்குக் கட்டைப் பிரித்தால், என் கட்சிக்காரனை வெளியே உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, எதிர்க்கட்சிக்காக முதலில் வாதாடிப் பார்க்கிறேன். உன் குரலில் வாதாடுகிறேன். என் குரலில் அது வருவதில்லை. நீ போன பிறகு எனக்குச் சரியான எதிர்க்கட்சி கிடைக்கவில்லை. வருகிறவர்கள் நான் சொல்வதைத் திரிக்கிறார்கள். உன்னைப்போல என்னைப் புரிந்துகொண்டு என்னைத் தோற்கடிக்க ஒருவரும் இல்லையே என்று சில சமயம் அழுகையே வருகிறது.

வண்டிக்காரன் வாசலிலிருந்து குரல் கொடுத்துவிட்டான். கையிலிருந்த வாசனையும் மசி வாசனையோடு கலந்துவிட்டது. முடிக்கிறேன்.

கடுதாசியின் தலையைப் பார். எழுதத் தொடங்கும்போது வழக்கம்போலக் கை எங்கள் வரிக்குத்தான் போயிற்று. நிறுத்தினேன். முதல் தீர்த்தம் இன்று எனக்கு விழுந்துவிட்டதே, பதில் மரியாதை செய்ய வேண்டாமா? மேலே உங்கள் வரியை எழுதினேன், அதற்குக் கீழே எங்கள் வரியை எழுதினேன். இரண்டும் என் கையெழுத்து, இந்தத் தெருவில் இதுவரை ஒருவனும் இப்படி எழுதியதில்லை.

முதல் இடம் உனக்கு. ஆட்சேபணை உண்டானால் எழுந்து சொல்லடா, கேட்கிறேன்.